ஆப்பில் பாயிண்ட், பேட்ஜ், ஸ்ட்ரீக் வைக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப் வடிவமைப்பு வேலையில் இருப்பதால், புதிதாக கம்பெனி தொடங்குகிறவர்கள், டிசைன் படிக்கிற பிள்ளைகள், சில நேரம் முதலாளிகளே கூட இந்தக் கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸப்பில் தட்டிக்கொண்டிருப்பதற்கு ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைப் பிடித்துக்கொண்டு போகும்.

கேமிஃபிகேஷன்னா ஆப்புக்குள்ள ஒரு கேம் வைக்கிறதுதானே?

இல்லை. ஷாப்பிங் ஆப்பில் சக்கரத்தைச் சுற்றவிட்டு கூப்பன் தருகிறார்களே, அது ஒட்டவைத்த ஒரு குட்டி விளையாட்டு, அவ்வளவுதான். கேமிஃபிகேஷன் என்றால் விளையாட்டில் நம்மை எழுந்திருக்க விடாமல் வைத்திருக்கும் விஷயங்களை, அதாவது தெளிவான இலக்கு, செய்தவுடன் கிடைக்கும் பதில், படிப்படியான நிலைகள், போட்டி, தோற்றால் மறுபடி ஆடும் வாய்ப்பு இவற்றை எடுத்து விளையாட்டே அல்லாத ஒரு வேலையில் பொருத்துவது. லிங்க்டுஇன் உங்கள் புரொஃபைல் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டியது இதில் சேரும், மொழி கற்கும் ஆப்பான டூவோலிங்கோவில் ஸ்ட்ரீக்கை, அதாவது ஒரு நாளும் விடாமல் வந்த நாட்களின் கணக்கைக் காட்டி, தினமும் எரியும் அந்த நெருப்புப் படமும் சேரும்.

கேமிஃபிகேஷன் என்ற பெயரை 2002-இல் நிக் பெல்லிங் என்ற பிரிட்டிஷ் புரோகிராமர் வைத்தார், 2010 வாக்கில்தான் எல்லோர் வாயிலும் வந்தது. யோசனை அதைவிட ரொம்பப் பழையது. வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிக்க நம் வீடுகளில் பரமபதம் ஆடுவார்கள் இல்லையா, விடிய விடியத் தூங்காமல் இருப்பது என்ற கஷ்டமான வேலையைத் தாயக்கட்டையும் பாம்பும் ஏணியும் பார்த்துக்கொள்ளும்.

பாயிண்ட், பேட்ஜ், லீடர்போர்டு, இந்த மூணையும் போட்டா போதும்ல?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. போகும் இடங்களைப் பதிவு செய்யும் ஃபோர்ஸ்கொயர் ஆப் 2009-இல் வந்தபோது பாயிண்ட், சாதித்தால் கிடைக்கும் சின்னமான பேட்ஜ், யார் முன்னால் என்று காட்டும் பட்டியலான லீடர்போர்டு, இந்த மூன்றையும் வைத்துத்தான் பிரபலமானது. ஒரு காபிக் கடைக்குப் போய் 'இங்கே இருக்கிறேன்' என்று செக்-இன் செய்தால் பாயிண்ட், அந்தக் கடைக்கு எல்லோரையும்விட அதிகம் வந்தவர் நீங்கள் என்றால் அதன் மேயர். ஆரம்பத்தில் ஜனங்களுக்கு ஒரே குஷி, கொஞ்ச நாள் கழித்து 'மேயர் ஆகி என்ன பண்ண' என்ற அலுப்பு. 2014-இல் செக்-இன் வேலையை ஸ்வார்ம் என்ற தனி ஆப்புக்குத் தள்ளிவிட்டார்கள். கேமிஃபிகேஷன் ஆப்களில் 80 சதவீதம் மோசமான வடிவமைப்பால் 2014-க்குள் தோற்றுவிடும் என்று கார்ட்னர் என்ற தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 2012-இலேயே கணித்துச் சொன்னது. அந்த எண் பலித்ததா என்பதை விடுங்கள், காரணம் சரியானது.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோவை எடுத்துக்கொள்ளுங்கள். புரோகிராமர்கள் கேள்வி கேட்டுப் பதில் வாங்க 2008-இல் தொடங்கிய தளம், அதிலும் பாயிண்டும் பேட்ஜும்தான். ஆனால் 15 பாயிண்ட் வந்தால்தான் மற்றவர் பதிலுக்கு ஆதரவு ஓட்டுப் போடலாம், 50 வந்தால் யார் பதிவிலும் கருத்து எழுதலாம், 2000 வந்தால் அடுத்தவர் எழுதியதை யாரையும் கேட்காமல் திருத்தலாம். அடுத்தவர் பதிலுக்கு எதிர் ஓட்டுப் போட்டால் உங்கள் கணக்கில் 1 குறையும், அதனால் கோபத்தில் கண்டபடி குத்த முடியாது. இங்கே பாயிண்ட் வெறும் எண் இல்லை, அந்தத் தளம் உங்களை எவ்வளவு நம்புகிறது என்பதன் கணக்கு. உங்கள் ஆப்பில் 5000 பாயிண்ட் வைத்திருப்பவரால் செய்ய முடிந்து 50 பாயிண்ட் வைத்திருப்பவரால் செய்ய முடியாதது ஒன்றாவது உண்டா? யோசித்தும் எதுவும் வரவில்லை என்றால் அந்தப் பாயிண்ட் சும்மா அலங்காரம்.

சரி, எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

எதை வைக்கலாம் என்பதில் தொடங்காதீர்கள். உங்கள் ஆப்புக்கு ஒருவர் எதற்காக வருகிறார், எவ்வளவு நாளைக்கு ஒருமுறை வந்தால் அவருக்கு நல்லது என்று முதலில் எழுதுங்கள். தமிழ்நாட்டில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கரண்ட் பில் வரும். அதைக் கட்டுவதற்கான ஆப்பில் 'தினமும் லாகின் செய்து நாணயம் சேருங்கள்' என்று வைத்தால் எரிச்சல்தான் மிஞ்சும். அதே ஆப்பில் போன வருஷம் இதே மாதத்தைவிட எத்தனை யூனிட் குறைந்திருக்கிறது என்று பில் வந்த அன்றைக்கு ஒரு வரியில் காட்டினால், ஏசியைக் குறைத்து வைத்த மனுஷனுக்கு அது போதும். அதுவும் விளையாட்டு அம்சம்தான், செய்ததற்குப் பதில் கிடைக்கிறது.

புரோகிரஸ் பார்னு ஒரு கோடு போடுறதுல என்ன பெரிய விஷயம் இருக்கு?

நிறைய இருக்கிறது. 2006-இல் ஜோசப் நூனஸ், சேவியர் ட்ரேஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கார் கழுவும் கடையில் 300 அட்டைகள் கொடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு 8 முத்திரை சேர்த்தால் ஒரு முறை இலவசம், அட்டை காலி. மீதிப் பேருக்கு 10 முத்திரை வேண்டும், ஆனால் 2 ஏற்கெனவே குத்தித் தரப்பட்டது. இரண்டிலும் பாக்கி இருப்பது 8 முறைதான். காலி அட்டைக்காரர்களில் 19 சதவீதம் பேர் முடித்தார்கள், 2 முத்திரையோடு தொடங்கியவர்களில் 34 சதவீதம். ஏற்கெனவே கிளம்பியாகிவிட்டது என்ற நினைப்பு, அவ்வளவுதான். முடிவு நெருங்க நெருங்க வேகம் கூடுவதும் இதோடு சேர்ந்த குணம், உளவியலாளர் கிளார்க் ஹல் 1930-களில் எலிகளை ஓடவிட்டே இதைப் பார்த்துவிட்டார்.

இதைச் சொன்னதும் சிலர் உடனே பொய்யாக 40 சதவீதம் நிரப்பிக் காட்டப் போய்விடுகிறார்கள். அது வேண்டாம். போன் நம்பர் கொடுத்து ஓடிபி போட்டதே ஒரு வேலைதான், அதை முதல் படியாகக் கணக்கில் காட்டுங்கள், பொய்யும் இல்லை, பலனும் அதேதான்.

ஸ்ட்ரீக் வெச்சா யூசர் தினமும் வந்துடுவாங்கன்னு சொல்றாங்களே, உண்மையா?

வருவார்கள். எதற்கு வருகிறார்கள் என்பதில்தான் சிக்கல். கிடைப்பதில் வரும் சந்தோஷத்தைவிட கையில் இருப்பதை இழக்கும் வலி பெரியது என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-இல் எழுதியதன் மேல்தான் ஸ்ட்ரீக் நிற்கிறது. ஐந்தாம் நாளில் அது ஒரு எண். இருநூறாவது நாளில் அது ஒரு சொத்து.

இரவு 11:50-க்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். மொழி கற்கும் ஆப், ஸ்ட்ரீக் 211. படுத்துவிட்ட ஆள் நோட்டிஃபிகேஷன் பார்த்துத் திடுக்கிட்டுப் போனை எடுப்பார். புதுப் பாடத்துக்கா போவார்? தண்ணீர், ரொட்டி என்று எப்போதோ முடித்த முதல் பாடத்தைத் திறந்து பாதித் தூக்கத்தில் நாலு தட்டுத் தட்டி 212 ஆக்கிவிட்டுத் தூங்கிவிடுவார். உங்கள் டேஷ்போர்டில் அவர் 'ஆக்டிவ் யூசர்', அவருக்கு ஒரு வார்த்தை கூட புதிதாக வரவில்லை. இந்த ஆள் உங்களிடம் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்காமல் ஸ்ட்ரீக் வெற்றி என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.

அப்போ ஸ்ட்ரீக் உடைஞ்சா என்ன பண்றது?

உடையாமல் இருக்க வழி வையுங்கள், உடைந்தாலும் திரும்பி வர வழி வையுங்கள். டூவோலிங்கோவில் ஸ்ட்ரீக் ஃப்ரீஸ் இருக்கிறது, ஒரு நாள் விட்டாலும் கணக்கு நிற்கும். ஆப்பிள் வாட்ச் 2015-இலேயே அன்றைய உடல் அசைவுக்கு ஏற்ப நிரம்பும் மூன்று வளையங்களோடு வந்தது, ஆனால் காய்ச்சலில் படுத்தாலும் வளையத்தை மூடியாக வேண்டிய நிலை 2024-இல் வாட்ச்ஓஎஸ் 11 வந்து 'இடைநிறுத்தம்' கொடுக்கும்வரை நீடித்தது. உடம்புக்காகச் செய்த ஒரு கருவி உடம்பு முடியாத நாளை ஒத்துக்கொள்ள இவ்வளவு காலம் எடுத்தது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

திரையில் என்ன எழுதுவது என்றால், '0 நாள்' என்று மொட்டையாகக் காட்டாதீர்கள். 'இதுவரை 146 நாள் படித்திருக்கிறீர்கள், இன்று தொடரலாம்' என்று மொத்தத்தைக் காட்டுங்கள். வாரத்துக்கு 4 நாள் என்று இலக்கு வைத்தால் பாதிப் பிரச்சினை எழவே எழாது.

பரிசு குடுத்துப் பழக்கினா அப்புறம் பரிசு இல்லாம செய்ய மாட்டாங்களாமே அண்ணா?

அதற்கு ஆதாரம் உண்டு. 1973-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நர்சரிப் பள்ளியில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்டு நிஸ்பெட் மூவரும், ஏற்கெனவே ஸ்கெட்ச் பேனாவில் வரைவதில் ஆசை உள்ள பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொன்னது ஒரு குழுவிடம். சொல்லாமல், வரைந்தபின் கொடுத்தது இன்னொரு குழுவுக்கு. மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமில்லை. கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால், முன்பே சொல்லிக் கொடுத்த பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதி நேரம்தான் வரைந்தார்கள். திடீரென்று வாங்கியவர்களுக்கு ஆசை குறையவில்லை.

இதை வைத்துப் பரிசே கூடாது என்று முடிவு கட்ட வேண்டாம். ஏற்கெனவே பிடித்த வேலைக்குக் கூலி பேசினால்தான் கெடுகிறது. கேஒய்சி படிவம் நிரப்புவது யாருக்கும் ஆசையான வேலை இல்லை, அதற்கு 50 ரூபாய் கொடுத்தால் எந்த ஆசையும் சாகாது. ஒருவர் ரசித்து எழுதும் விமர்சனத்துக்குப் பாயிண்ட் போட்டால், இரண்டு வரியில் 'நல்ல பொருள், நல்ல பொருள்' என்று குவியும். உளவியலாளர்கள் எட்வர்டு டெசியும் ரிச்சர்டு ரயனும் சொல்லும் மூன்றை வைத்துப் பாருங்கள்: நானாகத் தேர்ந்தெடுத்தேன், எனக்கு இது கைவருகிறது, கூட மனிதர்கள் இருக்கிறார்கள். நீங்கள் வைக்கும் எந்த அம்சமும் இந்த மூன்றில் ஒன்றையாவது கூட்ட வேண்டும்.

ஸ்க்ராட்ச் கார்டு மட்டும் எப்படி இவ்வளவு நல்லா ஓடுது?

எவ்வளவு வரும் என்று தெரியாததால்தான். எப்போது தானியம் விழும் என்று தெரியாத புறா விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும் என்பதை உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் காட்டியது எல்லோரும் சொல்லும் கதை. நம் ஊர்க் கதை வேண்டுமென்றால் கூகுள் டெஸ். 2017 செப்டம்பரில் வந்து 2018-இல் கூகுள் பே ஆனது, பணம் அனுப்பினால் சுரண்டும் அட்டை. 2019 தீபாவளிக்கு விளக்கு, பூ, ஜிமிக்கி, லாந்தர், ரங்கோலி என்று ஐந்து ஸ்டாம்ப் சேர்த்தால் 251 ரூபாய் என்றார்கள். நாலு எல்லோருக்கும் வந்தது, ரங்கோலி மட்டும் வரவே இல்லை. பேசாத சொந்தக்காரர் எல்லாம் 'ரங்கோலி இருக்கா' என்று மெசேஜ் போட்ட வாரம் அது.

ஆனால் அங்கே பழக்க வேண்டிய காரியம் போனில் பணம் அனுப்புவது. பத்து முறை அனுப்பியபின் அட்டை இல்லாமலும் அனுப்புவார்கள், ஏனென்றால் அது நிஜமாகவே வசதி. உங்கள் ஆப்பில் அட்டைக்கு அடியில் அப்படி ஒன்று இல்லையென்றால், கேஷ்பேக் நின்ற மாதம் ஆளும் நின்றுவிடும். இரண்டாவது கேள்வியின் மேயர் கதைதான், இங்கே கூடுதலாக உங்கள் காசும் போகும்.

'தமிழ்நாட்டில் வசிப்போருக்குப் பொருந்தாது'ன்னு போடுறாங்களே, நம்ம மேல என்ன கோபம்?

கோபமில்லை, சட்டம். 1979-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பொருள் வாங்கியவர்களில் குலுக்கலிலோ அதுமாதிரி வேறு வழியிலோ ஆளைத் தேர்ந்தெடுத்துப் பரிசு தருவதை அது தடுக்கிறது. அதனால்தான் பல கம்பெனிகள் விதிமுறையின் கடைசியில் அந்த வரியைப் போட்டு ஒதுங்கிவிடுகின்றன. லாட்டரியும் இங்கே 2003-இலிருந்து கிடையாது. காசு கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு நாடு முழுக்கத் தடை போடும் சட்டம் 2025 ஆகஸ்டில் வந்தது.

ஆகவே 'அதிர்ஷ்டம்' சம்பந்தப்பட்ட எதையும் வைக்கும் முன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இன்னது செய்தால் எல்லோருக்கும் இவ்வளவு என்று நிர்ணயித்துவிட்டால் குலுக்கல் என்ற பேச்சே வராது.

லீடர்போர்டு போட்டா போட்டி வரும்ல, எதுக்கு வேண்டாங்குறீங்க?

வேண்டாம் என்று சொல்லவில்லை, முழு நாட்டுக்கும் ஒரே பட்டியல் போடாதீர்கள் என்கிறேன். முதல் பத்துப் பேருக்கு அது வெறி, 48,312-ஆவது இடத்தில் இருப்பவருக்கு அது 'நீ வேண்டாம்' என்ற அறிவிப்பு. டூவோலிங்கோ சுமார் 30 பேர் கொண்ட சின்னக் குழுக்களாகப் பிரித்து வாரா வாரம் கணக்கைப் பூஜ்யமாக்குகிறது. வெண்கலத்தில் தொடங்கி வைரம்வரை 10 நிலைகள், மேலே இருப்பவர்கள் ஏறுவார்கள், அடியில் இருப்பவர்கள் இறங்குவார்கள். திங்கட்கிழமை எல்லோருக்கும் வாய்ப்பு சமம். அப்புறம், சிலருக்குப் போட்டியே பிடிக்காது, மறைத்துக்கொள்ள ஒரு பட்டன் வையுங்கள்.

ஆபீஸ்ல, டெலிவரி பசங்களுக்கெல்லாம் இதை வைக்கலாமா சார்?

ரொம்ப யோசித்து. கலிஃபோர்னியாவில் அனாஹெயிம் நகர டிஸ்னிலேண்ட் ஓட்டல்களின் சலவைக்கூடத்தில் யார் எவ்வளவு வேகம் என்று திரையில் பெயர் போட்டுக் காட்டினார்கள். பின்தங்கினால் நிறம் மாறும். 2011-இல் அது செய்தியானபோது தொழிலாளர்கள் அதற்கு வைத்திருந்த பெயர் 'மின்னணுச் சவுக்கு'. கழிப்பறைக்குப் போகவே தயங்கினார்களாம். டிரைவர் ஆப்பை அணைக்கப் போகும்போது ஊபர் 'இன்னும் 10 டாலர்தான், இலக்கைத் தொட்டுவிடலாம்' என்று காட்டியது 2017-இல் வெளியே வந்தது. நாலாவது கேள்வியில் சொன்ன 'முடிவு நெருங்கினால் வேகம்' குணத்தைத்தான் அங்கே பிடித்து இழுக்கிறார்கள். இன்னும் இரண்டு ஆர்டர் முடித்தால் இன்சென்டிவ் என்று மழையில் ராத்திரி பதினொன்றுக்கு வண்டி ஓட்டுகிறவருக்கு அது விளையாட்டே இல்லை, சம்பளம்.

விளையாட்டில் பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். வேலையில் அது முடியாது. தனி ஆளை எடைபோடாமல், குழுவாகச் சேர்ந்து ஒரு இலக்கு, அதுவும் அவர்களே ஒத்துக்கொண்ட இலக்கு என்றால் சரி.

பாயிண்டுக்காக ஏமாத்துறாங்களே, அதை எப்படித் தடுக்கிறது?

ஏமாற்றுகிறார்கள் என்றால் நீங்கள் எதற்குப் பாயிண்ட் கொடுத்தீர்களோ அதைச் சரியாகச் செய்கிறார்கள் என்று அர்த்தம். நடந்த அடிகளுக்குப் பாயிண்டா, போனைத் தொட்டிலில் போட்டு ஆட்டுவார்கள். டிஜிட்டல்ஓஷன் என்ற கம்பெனி வருஷா வருஷம் அக்டோபரில் நடத்தும் ஹேக்டோபர்ஃபெஸ்டில், யாரும் பங்களிக்கக்கூடிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் திட்டங்களுக்கு 4 புல் ரிக்வெஸ்ட், அதாவது 'இந்தத் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்ற கோரிக்கை, அனுப்பினால் அப்போது ஒரு டி-ஷர்ட். 2020 அக்டோபர் முதல் தேதியே ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ஒரு வார்த்தையை மாற்றி அனுப்பியவை வந்து குவிந்தன, திட்டங்களைப் பராமரிப்பவர்கள் கொதித்துப்போனார்கள். விருப்பமுள்ள திட்டங்கள் மட்டும் சேரலாம் என்று சில நாளிலேயே விதியை மாற்றினார்கள், 2023-இல் டி-ஷர்ட்டையே நிறுத்தினார்கள்.

எண்ணிக்கைக்குக் கொடுக்காதீர்கள், அதைப் பெற்றவர் ஏற்றுக்கொண்டாரா என்பதற்குக் கொடுங்கள். பதில் எழுதியதற்குப் பாயிண்ட் இல்லை, கேட்டவர் 'இது உதவியது' என்றால் பாயிண்ட். இவ்வளவு செய்தும் கொஞ்சம் ஏமாற்று இருக்கத்தான் செய்யும்.

இதெல்லாம் கடைசியில டார்க் பேட்டர்ன்தானே?

டார்க் பேட்டர்ன் என்றால் யூசரை ஏமாற்றியோ நெருக்கியோ ஒன்றைச் செய்யவைக்கும் வடிவமைப்பு. சிலது ஆமாம். இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் 13 டார்க் பேட்டர்ன்களைப் பட்டியலிட்டது. பொய்யான அவசரம், வேண்டாம் என்பவரைக் குற்ற உணர்வில் தள்ளுவது, ஓயாமல் நச்சரிப்பது எல்லாம் அதில் உண்டு. 'இன்னும் 2 நிமிஷம்தான்' என்று ஓடும் கடிகாரம் பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்தால் மறுபடி முதலிலிருந்து ஓடுகிறதா? அது விளையாட்டு அம்சம் இல்லை, பொய்.

அமெரிக்காவில் ராபின்ஹுட் என்ற பங்கு வர்த்தக ஆப் சில சந்தர்ப்பங்களில் திரை முழுக்கக் கலர்த்தாள் தூவியது. அனுபவமில்லாதவர்களை அடிக்கடி வர்த்தகம் செய்யத் தூண்டுகிறது என்று மாசசூசெட்ஸ் மாநில அதிகாரிகள் 2020 டிசம்பரில் புகார் பதிந்தார்கள். 2021-இல் ராபின்ஹுட் கலர்த்தாளை எடுத்தது, 2024-இல் 75 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்தது. நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: இந்த அம்சம் எப்படி வேலை செய்கிறது, எதற்கு வைத்தோம் என்பதை அந்தத் திரையிலேயே யூசருக்கு எழுதிக் காட்ட முடியுமா? கூச்சமில்லாமல் எழுத முடிந்தால் வையுங்கள்.

வேலை செய்யுதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பாதி யூசருக்கு வைத்து பாதிக்கு வைக்காமல் பாருங்கள், குறைந்தது இரண்டு மாதம். முதல் இரண்டு வாரத்து ஏற்றம் புதுசு என்ற மோகம், அதை நம்பி முதலாளிக்கு ஸ்லைடு போடாதீர்கள். தினசரி வருகையை விட்டுவிட்டு, மூன்றாவது கேள்வியில் எழுதச் சொன்னேனே, அவர் எதற்கு வந்தாரோ அது நடந்ததா என்பதை அளக்க வேண்டும்.

பேட்ஜ் வாங்கியபின் என்ன ஆகிறது என்றும் பாருங்கள். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தரவை வைத்து 2013-இல் வந்த ஆய்வில், பேட்ஜ் நெருங்க நெருங்க உழைப்பு ஏறி, கைக்கு வந்ததும் இறங்கியது தெளிவாகத் தெரிந்தது.

எங்க ஆப்ல ஏற்கெனவே ஸ்ட்ரீக், பாயிண்ட் எல்லாம் இருக்கு, பெருசா பிரயோஜனமில்ல. எடுத்துட்டா கலாட்டா ஆகுமா?

கொஞ்சம் ஆகும், ஆனால் எடுக்கலாம். புரோகிராமர்கள் தங்கள் கோடை வைத்துக்கொள்ளும் தளமான கிட்ஹப் 2016 மே மாதத்தில் புரொஃபைலில் இருந்த ஸ்ட்ரீக் எண்ணிக்கையை எடுத்துவிட்டது. அதை வைத்து 2021-இல் ஓர் ஆய்வு வந்தது: நீண்ட தொடர்கள் குறைந்தன, சனி ஞாயிறு வேலை குறைந்தது, ஒரே ஒரு மாற்றம் மட்டும் போட்டுக் கணக்குக் காட்டும் நாட்களும் குறைந்தன. அதாவது இத்தனை பேர் அந்த எண்ணுக்காகவே ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரைத் திறந்திருக்கிறார்கள். 11:50 ஆசாமியின் கூட்டாளிகள்.

எடுக்கும் விதம் முக்கியம். முதலில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு மட்டும் நிறுத்திப் பாருங்கள், எதுவும் விழவில்லை என்றால் மற்றவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு எடுங்கள். பாயிண்டுக்குப் பணமதிப்பு இருந்தால் செலவழிக்க மூன்று மாதமாவது அவகாசம் கொடுங்கள், இல்லாவிட்டால் ப்ளே ஸ்டோரில் ஒற்றை நட்சத்திரம் மழையாகப் பெய்யும். பழைய பேட்ஜ்களை மட்டும் அழிக்காதீர்கள், புரொஃபைலில் ஏதாவது ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும், அதற்கு சர்வரில் ஆகும் செலவு ஒன்றுமே இல்லை.